ஆழம் பார்க்கப் போன கேப்டன்: வாசகர் கேள்வி, பதில்

சென்ற இதழில் ஹாரிஸ் ட்வீட் என்ற ஸ்காட்லாந்துக் கம்பளித் துணியைப் பற்றிய பதிலில், அதை வெளியூர்ச் சந்தைக்குக் கொண்டுபோனவர்களுள் ஒருவராகக் 'கேப்டன் தாமஸின் மனைவி'யைக் குறிப்பிட்டிருந்தேன். மனைவியை விட்டுவிட்டுக் கணவரைப் பற்றியே பலரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கத்தை அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

யார் இந்தக் கேப்டன் தாமஸ்? (வாசகி, நாகர்கோவில்)

எப்.டபிள்யூ.எல். தாமஸ் பிரிட்டிஷ் கடற்படையில் கடல் அளவையாளராக இருந்தவர். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளிலும், பின்னர் மேற்கே ஹெப்ரிடிஸ் தீவுகளிலும் அவருடைய பணிக்காலம் கழிந்தது. அவருடைய தந்தை ஜார்ஜ் தாமஸும் அதே கடற்பகுதியை அளந்தவர்தான். மகன் 1885இல் காலமானார். கப்பல்களுக்கான வரைபடம் தயாரிப்பதுதான் அவருக்கு இடப்பட்ட வேலை. ஆனால் கரையில் கண்ட கல்வட்டங்கள், இடிந்த கோட்டைகள், குடிசைகள், ஊர்ப்பெயர்கள், கிழவிகள் சொன்ன கதைகள் ஆகியவற்றையும் அவர் அதே கவனத்தோடு குறித்துவைத்தார். அந்தக் குறிப்புகள் ஸ்காட்லாந்துத் தொல்பொருள் சங்கத்தின் இதழில் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் கட்டுரைகளாக வந்துகொண்டிருந்தன.

கடலை அளப்பவருக்கு ஊர் வரலாற்றோடு என்ன தொடர்பு? இரண்டும் எட்டாத தூரத்தில் இருப்பவை அல்லவா? (வாசகர், காரைக்கால்)

எட்டாத தூரம் என்று நமக்குத் தோன்றுகிறது. அன்றைய அளவைமுறையைப் பார்த்தால் அப்படி இல்லை. ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவிக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். கயிறு எத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறடி) போயிற்று என்பது ஆழத்தைச் சொல்லும், கொழுப்பில் ஒட்டி வருவது மணலா, சேறா, சிப்பியா என்பது தரையைச் சொல்லும். ஆனால் குண்டு விழுந்த இடம் எது என்று தெரியாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. அதற்காகப் படகிலிருந்தபடியே கரையில் உள்ள மூன்று அடையாளங்களைச் செக்ஸ்டன்ட் என்ற கைக்கருவியால் பார்த்துக் கோணம் எடுக்க வேண்டும். அந்த அடையாளங்கள் கண்ணுக்குப் படும்படி உயரத்தில் இருக்க வேண்டும், அவற்றின் இடமும் தியோடலைட் என்ற கோணமானியால் முன்கூட்டியே கணிக்கப்பட்டிருக்க வேண்டும். எனவே அளவையாளர் கடலில் இறங்குவதற்கு முன் மேடுமேடாக ஏறித்தான் தீர வேண்டும். பழங்காலத்தவர் கற்குவியல்களையும் கோட்டைகளையும் எழுப்பியதும் அதே மேடுகளில்தான்.

பெயர்கள் இன்னொரு வழி. வரைபடத்தில் ஒவ்வொரு பாறைக்கும் வளைகுடாவுக்கும் பெயர் போட வேண்டும், பெயர் தெரிந்தவர்களோ மீனவர்களும் ஆடு மேய்ப்பவர்களும்தான். கேட்கப் போன இடத்தில் பெயரோடு கதையும் சேர்ந்தே வரும். கோடையில் அளவு, குளிர்காலத்தில் எடின்பரோவில் அமர்ந்து படம் வரைதல் என்று ஆண்டு ஓடியதால், ஆவணங்களைப் புரட்டவும் அவருக்கு நேரம் கிடைத்தது.

இது தாமஸோடு தொடங்கியதும் அன்று. ஆர்க்னியிலேயே பிறந்து, கிர்க்வால் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த மர்டாக் மெக்கென்சி, நூறாண்டுக்கு முன்பே அந்தத் தீவுகளை முக்கோண அளவைமுறையில் (ஒரு கோட்டை மட்டும் நேரடியாக அளந்து, மற்றத் தூரங்களைக் கோணங்களால் கணிக்கும் முறை) அளந்து 1750இல் வரைபடத் தொகுப்பாக வெளியிட்டார். அளவைக்கு வேண்டிய அந்த முதல் கோட்டை, அதாவது அடிக்கோட்டை, உறைந்துபோன ஸ்டென்னஸ் ஏரியின் பனிக்கட்டி மேல் அவர் அளந்தார். அதைவிடச் சமமான தரை அந்தத் தீவில் வேறெங்கே கிடைத்திருக்கும்!

அவர் எழுதியவற்றில் இன்றும் படிக்கத்தக்கது எது? (வாசகர், மதுரை)

என்னைக் கேட்டால் ஹெப்ரிடிஸில் உள்ள லூயிஸ் தீவின் தேன்கூட்டுக் குடிசைகளைப் பற்றிய கட்டுரையைத்தான் முதலில் சொல்வேன். கோடையில் மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லும் பெண்கள் தங்கும் குடில்கள் அவை. சுண்ணாம்புச் சாந்து இல்லை, வளைவு இல்லை. ஒவ்வொரு கல்வரிசையையும் கீழ்வரிசையைவிடச் சற்று உள்ளே தள்ளி அடுக்கிக்கொண்டே போனால் கூரை தானே குவிந்து மூடிவிடும். வெளியே புல்தரையைப் பெயர்த்துப் போர்த்திவிடுவார்கள், தொலைவிலிருந்து பார்த்தால் ஒரு பச்சை மேடு போலவே இருக்கும். எதிரெதிராக இரண்டு வாசல்கள் இருக்கும், தவழ்ந்துதான் நுழைய முடியும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்த வாசலை அடைத்துவிட்டு மற்றதைப் புழங்குவார்கள். உள்ளே தாழ்வான ஒரு கல்வரிசை தரையை இரண்டாகப் பிரிக்கும்: ஒரு பக்கம் படுக்கை, மறுபக்கம் அடுப்பு. சுவரின் கனத்திலேயே மாடங்கள் விட்டிருப்பார்கள், பால் சட்டிகள் அவற்றில் இருக்கும்.

தொல்லியலாளர்கள் வழக்கமாக இப்படிப்பட்ட கட்டடங்களை இடிபாடுகளாகத்தான் சந்திக்கிறார்கள், மாடம் எதற்கு என்று ஊகிக்கத்தான் அவர்களால் முடியும். தாமஸ் 1850களின் இறுதியில் அங்கே போனபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, மாடத்தில் பால் இருந்தது. ஆள் குடியிருக்கும் வீட்டையே அவர் அளந்து படம் போட்டார். அந்த வாய்ப்பு அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கட்டுரையிலேயே, ஏரிகளில் வாழும் நீர்க்குதிரைப் பேயைப் பற்றி ஊரார் சொன்ன கதைகளையும் சேர்த்திருக்கிறார். சுவரின் அளவும் பேய்க்கதையும் ஒரே கட்டுரையில் வருவது சில அறிஞர்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். எனக்கு அதில் குறையே தெரியவில்லை. அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

செயின்ட் கில்டா தீவை முதலில் புகைப்படம் எடுத்தவர் இவர்தானா? (வாசகி, திருச்சி)

ஹெப்ரிடிஸுக்கும் மேற்கே தனித்துக் கிடக்கும் அந்தத் தீவின் மிகப் பழைய புகைப்படங்களாக இன்று அறியப்படுபவை 1860இல் இவர் எடுத்தவையே. அதே ஆண்டு அக்டோபரில் வீசிய புயல் அங்கே வீட்டுக் கூரைகளைப் பெயர்த்தெறிந்தது, அதையடுத்துத் துத்தநாகக் கூரையோடு 16 புதிய வீடுகள் கட்டப்பட்டன. ஆக, பழைய ஊரின் தோற்றம் மாறும் தறுவாயில் அந்தப் படங்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன. 1930இல் எஞ்சியிருந்த 36 பேரும் தீவை விட்டு வெளியேறினார்கள்.

அங்கே வாழ்ந்த எபீமியா மெக்ரிம்மன் என்ற மூதாட்டி நினைவில் வைத்திருந்த கதைகளை ஆன் கென்னடி என்ற பெண்மணி தாமஸுக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார். தாமஸ் அவற்றைத் தம் பெயரில் போட்டுக்கொள்ளவில்லை. கென்னடியின் கடிதம் என்றே தலைப்பிட்டு, தம் குறிப்புகளைக் கூடுதலாக மட்டும் சேர்த்துச் சங்க இதழில் அச்சிட்டார். லூயிஸ் தீவின் மெக்காலே குலத்தாரின் மரபுக் கதைகளை எழுதும்போதும், அத்தீவின் ஸ்டோர்னவே ஊரில் பீப்பாய் செய்யும் தொழிலாளியாக இருந்த டொனால்டு மோரிசனின் கையெழுத்துப் பிரதியைப் பயன்படுத்திக்கொண்டார். அக்காலக் கடற்படை அதிகாரி ஒருவர் ஒரு தொழிலாளியின் ஏட்டை ஆதாரமாக ஏற்றுக்கொண்டது சிறிய செய்தி அன்று.

பெரிய மனிதரைப் பற்றி நல்லதையே சொல்கிறீர்கள். குறையே கிடையாதா? (வாசகர், யாழ்ப்பாணம்)

உண்டு. அவருடைய நடை கரடுமுரடானது, பேச்சு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். கருத்துகளிலும் எல்லாம் நிலைக்கவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் வந்த நார்வே நாட்டார் ஹெப்ரிடிஸின் பழங்குடிகளை அடியோடு ஒழித்துவிட்டார்களா என்ற கேள்வியை எழுப்பி, 'ஆம்' என்ற பக்கமே சாய்ந்தார். ஷாபோஸ்ட், லூர்போஸ்ட் என்று முடியும் ஊர்ப்பெயர்களில் உள்ள 'போஸ்ட்', பண்ணையைக் குறிக்கும் நார்ஸ் (அந்த நார்வே நாட்டாரின் பழைய மொழி) சொல்லிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊரின் பெயர் மாறியதால் ஊரில் இருந்தவர்கள் அழிந்தார்கள் என்று சொல்லிவிட முடியுமா? இன்றளவும் அந்த விவாதம் ஓயவில்லை. பழைய நிலவரிக் கணக்கைப் பற்றிய அவருடைய கட்டுரையை நான் இதைவிட அதிகம் மதிக்கிறேன். வரிக்காக நிலத்தை 'அவுன்ஸ் நிலம்' என்றும் அதன் உட்பிரிவை 'பென்னி நிலம்' என்றும் கணக்கிட்டார்கள்; ஓர் அவுன்ஸ் நிலத்துக்கு ஆர்க்னியில் 18 பென்னி நிலம், மேற்குத் தீவுகளில் 20 என்ற சிக்கலை அறிய அது இன்றும் உதவும். வேலிக்கும் மாவுக்கும் ஊருக்கு ஊர் மாறும் கணக்கைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது எளிதில் விளங்கும்.

அவருடைய அளவுகளை இன்று யாராவது பயன்படுத்துகிறார்களா? (வாசகர், சென்னை)

கப்பலோட்டிகள் பயன்படுத்துவதில்லை. ஈயக்குண்டு தான் விழுந்த புள்ளியின் ஆழத்தைத்தான் சொல்லும், பக்கத்தில் துருத்தி நிற்கும் பாறையைச் சொல்லாது. இன்றைய ஒலியலைக் கருவிகள் தரை முழுவதையும் பரப்பாகவே அளந்துவிடுகின்றன. கரையில் கதை வேறு. ஆர்க்னியில் உள்ள பிராட்கர் கல்வட்டத்தில் விழுந்து கிடந்த சில கற்கள் 1906இல் தூக்கி நிறுத்தப்பட்டன. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தாமஸ் அந்த வட்டத்தை அளந்து, 1852இல் தம் கட்டுரையோடு வரைபடமாக வெளியிட்டிருந்தார். எந்தக் கல் பழையபடி நின்றது, எது பின்னால் நிறுத்தப்பட்டது என்று அறிய விரும்புவோருக்கு அந்த வரைபடம் தேவைப்படுகிறது. அவர் எழுதிய சங்க இதழின் பழைய தொகுதிகள் இப்போது இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தேன்கூட்டுக் குடிசைக் கட்டுரை மூன்றாம் தொகுதியில் இருக்கிறது.