ஒருவருக்காக இருவரா?

கேள்வி: போர்க்களத்தில் காயப்பட்ட ஒருவரைத் தூக்கப் போய் இன்னும் இரண்டு பேர் சாவது முட்டாள்தனம் இல்லையா? (வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்: கணக்குப் போட்டால் நட்டம்தான். 1993 ஒக்டோபரில் சோமாலியாவின் மொகடிஷுவில் நடந்த சண்டையில் விழுந்த ஹெலிகொப்டரின் விமானி மைக்கேல் டூரன்டைக் காக்க, கேரி கோர்டன், ராண்டி ஷுகார்ட் என்ற இரண்டு அமெரிக்க வீரர்கள் தாங்களாகவே கேட்டு இறங்கினார்கள். இருவரும் செத்தார்கள், விமானி பிடிபட்டு 11 நாள் கழித்து உயிரோடு வந்தார். ஆனால் விழுந்தால் தூக்க ஆள் வரும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் எவன் முன்னால் போவான்? மட்டக்களப்புக் கல்லடியில் கடலுக்குப் போன ஒரு வள்ளம் திரும்பாவிட்டால் மற்றவர்கள் எண்ணெய்ச் செலவைப் பார்த்தா தேடப் போகிறார்கள்? போருக்கான விதிகளைச் சொல்லும் 1949 ஜெனீவா உடன்படிக்கையோ எதிரியின் காயக்காரரையும், ஏன், இறந்த உடல்களையும் தேடி எடுக்கச் சொல்கிறது (எங்கள் பக்கத்தில் இதை யார் மதித்தார்கள் என்று கேட்காதீர்கள்). அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவதில்லை. முதலில் எதிரியின் சூட்டை அடக்கு, அப்புறம் ஆளை எடு என்றுதான் பயிற்சியே.