விரைவுப் படகு வரவில்லை, விமானம் போய்விட்டது: நஷ்டஈடு கிடைக்குமா?

கேள்வி: நாங்கள் அந்தமானில் ஹேவ்லாக்கில் (ஸ்வராஜ் தீவு) இரண்டு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். அப்பாவுக்குச் சென்னையில் இருதயப் பரிசோதனை. அதற்காகக் காலை நேரத் தனியார் விரைவுப் படகிலும், போர்ட் பிளேரிலிருந்து (ஸ்ரீ விஜயபுரம்) மதிய விமானத்திலும் மூன்று பேருக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். ஜெட்டிக்குப் போய் வரிசையில் நின்ற பிறகு, "இன்ஜின் கோளாறு, இன்னைக்கு போட் இல்லை" என்று கவுண்டரில் சொன்னார்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்த எஸ்எம்எஸ்ஸிலோ "மோசமான வானிலை காரணமாக ரத்து" என்று இருந்தது. அரசு போட்டில் இடம் இல்லை. விமான டிக்கெட் 21,400 ரூபாய் போச்சு. மருத்துவமனைத் தேதி மூன்று வாரம் தள்ளிப்போனது. நிறுவனம் பணம் தராதாம், வேண்டுமானால் வேறு தேதிக்கு மாற்றித் தருமாம். டிக்கெட்டிலும் "ரத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்று போட்டிருக்கிறது. இந்த சீசனில் இது முதல் தடவையும் இல்லை. விமானப் பணத்தைக் கேட்க முடியுமா? ஊர் சார்பாக ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: கேட்க முடியும். எவ்வளவு கிடைக்கும் என்பது, நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு விஷயத்தைப் பொறுத்தது. கவுண்டரில் இன்ஜின் என்றார்கள், எஸ்எம்எஸ்ஸில் வானிலை என்கிறார்கள். உங்கள் வழக்கே அதுதான். அந்த எஸ்எம்எஸ்ஸை அழித்துவிடாதீர்கள். ஃபோனை மாற்றுவதாக இருந்தால் அதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வந்த நேரம் தெரிகிற மாதிரி பிரிண்ட் போட்டு வையுங்கள். வரிசையில் உங்களோடு நின்ற இரண்டு பேரிடம், கவுண்டரில் என்ன சொன்னார்கள் என்பதை இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அவர்களுக்கே மறந்திருக்கும்.

இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று சொல்கிறேன். கடல் கொந்தளிப்பாக இருக்கிறது என்று கேப்டன் படகை எடுக்க மறுத்தால் அதை எந்த நீதிமன்றமும் தப்பு சொல்லாது, சொல்லவும் கூடாது. உயிர்ப் பாதுகாப்புக்காகக் கேப்டன் எடுக்கும் முடிவில் முதலாளியே குறுக்கிடக் கூடாது என்பது சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையான சோலாஸில் உள்ள விதி. அதனால் நுகர்வோர் ஆணையத்தில் (நுகர்வோர் வழக்குகளை விசாரிக்கும் அமைப்பு) போடும் மனுவில் ஓர் இடத்தில்கூட "போட்டை எடுத்திருக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். உங்கள் சண்டை கேப்டனோடு இல்லை, அலுவலகத்தோடு. இன்ஜின் கோளாறு என்பது அலுவலகத்தின் கணக்கு. பராமரிப்பு, உதிரி பாகம், மாற்றுப் படகு எல்லாம் அவர்கள் கையில் இருக்கிற விஷயங்கள். வானிலைக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, பராமரிப்புக் குறைக்கு இல்லை. இன்ஜின் என்று சொல்லிவிட்டுப் பிறகு வானிலை என்று மாற்றுகிறார்கள் என்றால், ஏன் மாற்றினார்கள் என்று விளக்க வேண்டியதும் அவர்கள்தான்.

உங்கள் நிலைமைக்குக் கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. வடமேற்கு ரயில்வே எதிர் சஞ்சய் சுக்லா, 2021 செப்டம்பர். ஜம்முவுக்குப் போன ரயில் சுமார் நாலு மணி நேரம் தாமதம். அந்தக் குடும்பம் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்டது, டாக்ஸி பிடித்துப் போனது. தாமதத்துக்குப் பொறுப்பில்லை என்று கட்டண விதியிலேயே இருக்கிறது என ரயில்வே வாதாடிப் பார்த்தது, எடுபடவில்லை. தாமதத்துக்கான காரணத்தையும் அது தன் கட்டுப்பாட்டில் இல்லாததுதான் என்பதையும் ரயில்வே நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் நஷ்டஈடு தர வேண்டும் என்றது நீதிமன்றம். டாக்ஸிக்குக் கொடுத்த 15,000 ரூபாய் உட்பட கீழ் நுகர்வோர் மன்றங்களில் தீர்ப்பான தொகை அப்படியே நின்றது. ரயிலுக்குச் சொன்னது படகுக்கும் பொருந்தும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் போக்குவரத்தைச் சேவை என்றே சொல்கிறது.

வானிலை உண்மையாகவே மோசமா என்பதை எப்படிச் சரிபார்ப்பது? அந்தமான் கடலுக்கு வானிலை ஆய்வுத் துறை தினமும் அறிக்கை தருகிறது. மீனவர் எச்சரிக்கை, துறைமுக எச்சரிக்கைச் சின்னம் எல்லாம் அதில் இருக்கும். அன்றைய தேதிக்கானதை எடுத்து வையுங்கள். அடுத்து, அதே காலையில் அதே ஜெட்டியிலிருந்து வேறு படகுகள் புறப்பட்டனவா என்று பாருங்கள். அரசு போட்டில் "இடம் இல்லை" என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? அப்படியானால் அது போயிருக்கிறது. இது உங்களுக்குச் சாதகம்தான், ஆனால் தீர்க்கமான சாட்சி ஆகாது. பெரிய கனமான கப்பல் தாங்குகிற அலையை அலுமினிய இரட்டை உடல் விரைவுப் படகு தாங்காமல் போகலாம். எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் முதலில் சொல்வார். அதற்குப் பதிலும் இருக்கிறது. அதிவேகப் படகுகளுக்கான சர்வதேச விதித்தொகுப்பின்கீழ் சான்று பெற்ற படகு என்றால், எந்த அளவு அலை உயரம் வரை ஓட்டலாம் என்பது அதன் இயக்க அனுமதியிலேயே எழுதியிருக்கும். அந்த அனுமதியையும், அன்றைய இன்ஜின் லாக் புக்கையும் (இயக்கப் பதிவேடு) தாக்கல் செய்யச் சொல்லி ஆணையத்தில் மனுப் போடுங்கள். லாக் புக் வராவிட்டால், அதை வைத்தே உங்கள் பக்கம் வாதாடலாம்.

இந்த ஆவணங்களில் சிலவற்றை வழக்குக்கு முன்பே வாங்கிவிடலாம். தனியார் நிறுவனம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் நேரடியாக வராது. ஆனால் வேறொரு சட்டத்தின்படி அரசு அமைப்பு கேட்டுப் பெறக்கூடிய தனியார் தகவலும் அந்தச் சட்டத்தில் "தகவல்" என்றுதான் கருதப்படுகிறது. பிரிவு 2(எஃப்)-ஐப் பாருங்கள். எனவே துறைமுக நிர்வாகத்துக்கும் அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் சேவை இயக்குநரகத்துக்கும் பத்து ரூபாய் கட்டி விண்ணப்பியுங்கள். அன்று ஜெட்டியிலிருந்து புறப்பட்ட, ரத்தான படகுகளின் பட்டியல், ரத்துக்கு நிறுவனம் கொடுத்த காரணம், இந்த சீசன் முழுவதுக்குமான ரத்துகள், அனுமதி நிபந்தனைகள், இவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். நிறுவனம் துறைமுகத்துக்கு மூன்றாவதாக ஒரு காரணம் சொல்லியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இனி பணம். இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லாம் ஒரே மாதிரி கிடைக்காது.

படகு டிக்கெட் பணம் எந்தக் காரணமாக இருந்தாலும் உங்களுடையது. புயலே அடித்திருந்தாலும் சரி. செய்ய முடியாமல் போன ஒப்பந்தத்தில் வாங்கிய பலனைத் திருப்பித் தர வேண்டும் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 65-வது பிரிவு. "வேறு தேதிக்கு மாற்றித் தருகிறோம்" என்பது அவர்கள் தருகிற ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். அதை நீங்கள் ஏற்கத் தேவையில்லை. ஏற்கெனவே ஏற்றுக்கொண்டு வேறு நாள் பயணம் செய்திருந்தால் இந்தத் தொகையை மட்டும் விட்டுவிடுங்கள், மற்றதைக் கேட்கலாம்.

விமான டிக்கெட்டுக்கு வேறு கணக்கு. ஒப்பந்தத்தை மீறினால் இந்த நஷ்டம் வரும் என்று இரு தரப்புக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் அதைக் கேட்கலாம். அது 73-வது பிரிவு. ஹேவ்லாக்கிலிருந்து காலைப் படகில் வருகிறவர்களில் பலர் விமானத்துக்குத்தான் போகிறார்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் தெரியும் என்று காட்ட வேண்டும். அவர்களுடைய விளம்பரத்திலோ இணையதளத்திலோ "விமானத்தைப் பிடிக்க வசதியான நேரம்" என்ற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நோட்டீஸ் போன மறுநாள் அந்த வரி காணாமல் போய்விடும். ஒரு பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். படகு வந்து சேரும் நேரத்துக்கும் விமான நேரத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டிருந்தீர்கள் என்று கேட்பார்கள். ஒன்றரை மணி நேரம் என்றால் ஆணையம் உங்கள் மேலும் கொஞ்சம் பொறுப்பைப் போடும். மூன்று, நாலு மணி நேரம் என்றால் தைரியமாக நில்லுங்கள்.

மன உளைச்சலுக்குக் கேளுங்கள், ஆனால் நிதானமாகக் கேளுங்கள். அப்பாவின் பரிசோதனை மூன்று வாரம் தள்ளிப்போனதை மருத்துவமனையின் பழைய தேதிச் சீட்டு, புதிய தேதிச் சீட்டு இரண்டையும் வைத்துக் காட்டுங்கள். அதோடு நிறுத்துங்கள். பத்து லட்சம் என்று போட்டால் தொகை கூடாது, மனுதாரர் மேல் இருக்கும் நம்பிக்கைதான் குறையும். இது என் அனுபவம்.

டிக்கெட்டில் அச்சடித்த "பொறுப்பல்ல" வாசகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நியாயமான காரணமில்லாமல் ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்கிற நிபந்தனை, 2019 சட்டத்தின்படி நியாயமற்ற ஒப்பந்தத்துக்கு ஓர் உதாரணம். ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளைக் காட்டி நுகர்வோரைக் கட்டிப்போட முடியாது என்று 2019-இல் பயனியர் அர்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது வீடு வாங்கியவரின் வழக்கு, ஆனாலும் கொள்கை ஒன்றுதான். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த நிபந்தனையையே செல்லாது என்று அறிவிக்கக் கேட்டால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். உங்கள் நஷ்டத்தை மட்டும் சேவைக் குறைபாடாகக் கேட்டால் மாவட்ட ஆணையமே போதும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மாவட்ட ஆணையத்தில்தான் போடுவேன். "வழக்கெல்லாம் எங்கள் தலைமை அலுவலக ஊரில்தான்" என்று டிக்கெட்டில் இருந்தாலும், நீங்கள் வசிக்கிற இடத்தில் தாக்கல் செய்யும் உரிமையைச் சட்டமே தந்திருக்கிறது.

நடைமுறை எளிது. முதலில் ஒரு பக்க நோட்டீஸ். சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை, ஆனாலும் அனுப்புங்கள். பாதி விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடும். நோட்டீஸில் கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி, "ரத்துக்குக் காரணம் இன்ஜினா, வானிலையா? எழுத்தில் சொல்லவும்" என்பது. 15 நாள் பாருங்கள். பதில் இல்லையென்றால் நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் புகாரைப் பதிவுசெய்யலாம். சேவைக்கு நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையத்தில் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், மேலே அதிகபட்சம் 15 நாள். அதைத் தாண்டி நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. விசாரணைக்குக் காணொலி வசதி கேட்டு மனுப் போடவும் மறக்காதீர்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் இதே படகைத்தான் நம்பிப் போக வேண்டியிருக்கும்! புகாருக்குக் கால வரம்பு சம்பவ நாளிலிருந்து இரண்டு வருடம்.

அப்புறம், ஊர் விஷயம். ஒரே குறையுள்ள பலருக்காக ஒருவர் புகார் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆணையத்தின் அனுமதி வேண்டும். டிக்கெட் பணம் திருப்பித் தராததற்கு அது பொருத்தம், எல்லாருக்கும் குறை ஒன்றுதான். விமானம், மருத்துவமனை போன்றவற்றுக்குச் சரிவராது, ஒவ்வொருவர் நஷ்டமும் வேறு. தொடர்ந்து ரத்தாகிறது, காரணம் மாற்றிச் சொல்கிறார்கள் என்பதை மாவட்ட ஆட்சியரிடம் (உங்கள் ஊரில் டெபுடி கமிஷனர்) நுகர்வோர் பலரின் உரிமை மீறலாகவே புகார் செய்யலாம். அவர் விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்ப முடியும். பத்துப் பேர் கையெழுத்தோடு ஒரு பட்டியல் இணையுங்கள்: தேதி, படகு நேரம், கவுண்டரில் சொன்ன காரணம், எஸ்எம்எஸ்ஸில் வந்த காரணம். வேறு வர்ணனை வேண்டாம்.

தனியார் படகு வந்தால் வரட்டும், தீவுக்காரர்களுக்கு அரசு போட் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் மனதில் இருக்கிறது என்றால், அதற்கு வழி ரிட் மனு, அதாவது அரசு தன் கடமையைச் செய்ய உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் போடும் மனு. கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் சுற்று அமர்வு போர்ட் பிளேரிலேயே இருக்கிறது. இமாச்சல மலைக் கிராமத்துக்குச் சாலை கேட்டு ஊர்க்காரர்கள் எழுதிய கடிதத்தை அந்த மாநில உயர் நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. 1986-இல் அந்த உமேத் ராம் சர்மா வழக்கில், மலைவாசிகளுக்குச் சாலை என்பது வாழ்வதற்கான உரிமையிலேயே அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தீவுக்குச் சாலை படகுதான், இந்த வாதம் நிற்கும். ஆனால் நீதிமன்றம் கால அட்டவணை போட்டுத் தராது, புதுப் படகு வாங்கச் சொல்லவும் தயங்கும். பழுதுபார்ப்புக்குப் போன போட்டுக்கு மாற்று என்ன, நோயாளிகளுக்கு எத்தனை இருக்கை ஒதுக்கப்படுகிறது என்று நிர்வாகத்திடம் அறிக்கை கேட்க வைக்கலாம். என்னைக் கேட்டால் அந்த ஒதுக்கீட்டை மட்டும் கேட்டு மனுப் போடுங்கள். எல்லாவற்றையும் கேட்கிற மனுவில் எதுவும் நகராது.

கடைசியாக ஒன்று, இதற்கு வழக்கே தேவையில்லை. விமான டிக்கெட் "திருப்பித் தரப்படாது" வகை என்றாலும், பயணம் செய்யாத டிக்கெட்டின் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் விமான நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி. மூன்று டிக்கெட்டுக்கும் இன்றே கேளுங்கள். வருகிற தொகையை 21,400-இல் கழித்துவிட்டு மீதியை நோட்டீஸில் போடுங்கள்.