டூம் 2 டிஏஎஸ்: ஒரு டிக்கைத் திருத்தினால் மீதி குலைகிறது

டூம் 2 விளையாட்டில் டிஏஎஸ் (கருவி உதவியோடு உள்ளீடுகளை டிக் டிக்காகத் திருத்திச் செய்யும் ஓட்டப் பதிவு) செய்யும்போது, திருத்திய டிக்குக்கு (விளையாட்டின் ஒரு நேர அலகு, 1/35 விநாடி) பிந்தைய உள்ளீடுகளைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். அங்கிருந்தே மறுபடி பதிவு செய்யுங்கள்.

முதல் திருப்பத்தை மட்டும் மாற்றியதற்கே பின்னால் சுடுவதெல்லாம் குறி தப்புகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் ரேண்டம் அட்டவணைதான். அது 256 எண்கள் கொண்ட மாறாத பட்டியல்; தற்செயல் முடிவு தேவைப்படும்போதெல்லாம் விளையாட்டு அதிலிருந்து அடுத்த எண்ணை வரிசையாக எடுக்கும். ஒரு அரக்கன் ஒரே ஒரு டிக் முன்னதாக விழித்தாலும் வரிசை நகர்ந்து, சேதமும் குண்டு சிதறலும் மாறிவிடும்.

திருத்தாத பழைய டெமோவை (உள்ளீடுகள் பதிவான கோப்பை) ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதுவும் குலைந்தால் காம்ப்லெவல் (எந்த டூம் பதிப்பைப் போல இயங்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பு எண்) தவறு. டூம் 2-க்கு 2, அல்டிமேட் டூமுக்கு 3.

வரிசையை நமக்குச் சாதகமாக நகர்த்த நான் விரும்பும் வழி, கதவு திறக்கும்வரை நிற்கும் நேரத்தில் சும்மா ஒரு தோட்டா சுடுவது. நேரம் வீணாகாது; சுடும் டிக்கை மாற்றி மாற்றி நல்ல சேதம் விழும்வரை பார்க்கலாம். ஆனால் வெடிச்சத்தம் எட்டும் இடத்தில் தூங்கும் அரக்கர்கள் இருந்தால் வேண்டாம், எழுந்துவிடும்.