ஐந்து பேர், எட்டு வாத்தியம்

கேள்வி: நவீன மேற்கத்திய இசைக்குழுக்கள் பலவற்றிலும் புல்லாங்குழல், கிளாரினெட், வயலின், செலோ, பியானோ என அதே ஐந்து வாத்தியங்கள். ஏன்?

பதில்: 1912-இல் பெர்லினில் அரங்கேறிய, இசையமைப்பாளர் ஆர்னால்ட் ஷோன்பெர்க்கின் ‘பியரோ லூனேர்’ போட்ட வழி அது. 21 கவிதைகள், ஒரு குரல், ஐந்து கலைஞர்கள். புல்லாங்குழல்காரரே பிக்கலோவும் (சின்னப் புல்லாங்குழல்), கிளாரினெட்காரரே பேஸ் கிளாரினெட்டும் (கீழ் ஸ்தாயிக் கிளாரினெட்), வயலின்காரரே வியோலாவும் (வயலினைவிடச் சற்றுப் பெரியது) வாசிப்பார். ஆக எட்டு வாத்தியம். பாட்டுக்குப் பாட்டு சேர்க்கை மாறும். ஏழாவதில் குரலும் புல்லாங்குழலும் மட்டுமே. 1967-இல் லண்டனில் இசையமைப்பாளர்கள் ஹாரிசன் பேர்ட்விசிலும் பீட்டர் மாக்ஸ்வெல் டேவிஸும் இந்த ஐவரோடு தாளவாத்தியக்காரர் ஒருவரையும் சேர்த்து ‘பியரோ பிளேயர்ஸ்’ குழுவைத் தொடங்கினார்கள். அந்த அறுவர் அமைப்புக்கென்றே எழுதுகிறவர்கள் இன்றும் நிறைய.

கேள்வி: எங்கள் குழு இந்தப் படைப்பை ஒத்திகை பார்க்கிறது. சுருதி சரிபார்த்துத்தான் உட்காருகிறோம். ஆனாலும் எட்டாவது பாட்டில் பேஸ் கிளாரினெட் சுருதி இறங்கி நிற்கிறது.

பதில்: வாத்தியம் ஆறிவிடுகிறது. ஆறாவது பாட்டில் ஒலித்த பேஸ் கிளாரினெட் ஏழாவது முழுக்கச் சும்மா இருக்கிறது. குழலுக்குள் காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் சுருதி சுமார் 3 சென்ட் குறையும் (அரைச்சுரம் 100 சென்ட்). ஏசி அரங்கில் ஐந்தாறு டிகிரி போனாலே காதில் உறுத்தும். எட்டாவதிலோ பியானோ, செலோ, பேஸ் கிளாரினெட் மூன்றும் கீழ் ஸ்தாயியில் ஒரே மூன்று சுர வடிவத்தைப் பின்னிக்கொண்டு போகின்றன. பியானோ யாருக்காகவும் இறங்கி வராது. ஏழாவது நடக்கும்போதே எல்லாத் துளைகளையும் மூடி, ரீடு (ஊதும் முனையில் அதிர்ந்து ஒலி தரும் நாணல் தகடு) ஒலிக்காதபடி மெதுவாக ஊதிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். அடிவரை சூடு நிற்கும், ரீடும் காயாது. மவுத்பீஸை (வாயில் வைக்கும் முனையை) உள்ளே தள்ளிச் சரிசெய்யாதீர்கள்: வாசிக்க வாசிக்கச் சூடேறி, பாட்டு முடிவதற்குள் சுருதி மேலே போய்விடும்.

கேள்வி: ‘பியரோ லூனேர்’ படைப்பில் குரல் பாடுகிறதா, பேசுகிறதா?

பதில்: இரண்டுமில்லை. தாளம் எழுதியபடி இம்மியும் பிசகக் கூடாது. சுரத்தைத் தொட்டவுடன் விட்டுவிட்டு மேலோ கீழோ நழுவ வேண்டும். தொட்ட சுரத்தில் நின்றால் பாட்டாகிவிடும். பெரும்பாலானவர்கள் வழுக்குவது அங்கேதான்.

கேள்வி: சேம்பர் ஓபராவுக்கு (சிறு குழுவோடு நடக்கும் இசை நாடகம்) குறைந்தது எத்தனை பேர் வேண்டும்?

பதில்: கணக்கு ஒன்றும் கிடையாது. இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ (வெனிஸ், 1954) ஆறு பாடகர், 13 வாத்தியக்காரர்களோடு அரங்கேறியது. தந்தி வாத்தியம் பகுதிக்கு ஒன்றுதான்: இரண்டு வயலின், வியோலா, செலோ, டபுள் பேஸ். பெரிய இசைக்குழுவில் ஒருவர் தவறினால் பக்கத்தில் இருப்பவர்கள் மூடிவிடுவார்கள். இங்கே ஒவ்வொரு வில்லும் தனியாகக் கேட்கும். அதனால் குரலோடு சேருமுன் தந்திக்காரர்கள் ஐவருக்கும் தனி ஒத்திகை வையுங்கள். ஆவியாக வரும் குவின்ட்டின் இசையில் மினுங்கும் செலஸ்டாவை (சின்ன மணிகள் போல ஒலிக்கும் கட்டை வாத்தியம்) பியானோக்காரரே வாசிக்கிறார். இரண்டையும் ‘ட’ வடிவில் போட்டால் எழுந்திருக்காமல் திரும்பிக்கொள்ளலாம், நடத்துநர் மேல் வைத்த கண்ணும் விலகாது.

கேள்வி: எந்தக் குழுக்களைக் கேட்கலாம்?

பதில்: லண்டன் சின்ஃபோனியெட்டா (1968), பியர் பூலெஸ் 1976-இல் பாரிஸில் தொடங்கிய ஆன்சாம்பிள் ஆன்டர்கொன்டெம்போரேன், ஜெர்மனியின் ஆன்சாம்பிள் மாடர்ன் (1980), பேயாட் ஃபுரர் நிறுவிய கிளாங்ஃபோரும் வீன் (1985). ஒரே படைப்பை இரண்டு குழுக்கள் வாசித்துக் கேளுங்கள். திரும்பக் கேட்டால்தான் பிடிபடும்: 1918-இல் ஷோன்பெர்க் வியன்னாவில் தொடங்கிய இசைச் சங்கத்தில் புதிய படைப்புகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், கைதட்டவும் தடை.