விண்டோஸில் கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகள் ஏன் தெரிவதில்லை? எப்படி வரவழைப்பது?

கோப்புப் பெயரில் புள்ளிக்குப் பிறகு வரும் பிடிஎஃப், எம்பி3, இஎக்ஸ்இ போன்ற எழுத்துகளைத்தான் எக்ஸ்டென்ஷன் என்கிறோம். ஒரு கோப்பை எந்தச் செயலியில் திறப்பது என்பதை விண்டோஸ் இதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது.

பெயர் மாற்றும்போது யாரும் தவறுதலாக இதை அழித்துவிடக் கூடாது, பார்வைக்கும் எளிமையாக இருக்கட்டும் என்று மறைத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் இப்போது பெயர் மாற்றப் போனால் புள்ளிக்கு முன்னால் உள்ள பகுதி மட்டுமே தேர்வாகிறது. அந்தப் பயம் பெரும்பாலும் தேவையில்லை. மறைப்பதில் உள்ள ஆபத்துதான் பெரிது. பாட்டிலின் லேபிளைக் கிழித்துவிட்டு, நிறத்தை வைத்து உள்ளே என்ன மருந்து என்று ஊகிக்கச் சொல்வது போன்றது இது. 2000 மே மாதம் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ் இந்த மறைப்பைத்தான் பயன்படுத்திக்கொண்டது. மின்னஞ்சலில் வந்த இணைப்பு வெறும் டெக்ஸ்ட் கோப்பாகத் தெரிந்தது. கடைசியில் இருந்த விபிஎஸ் கண்ணில் படவில்லை. அது இயங்கக்கூடிய நிரல்!

சரி, மாற்றுவது எப்படி? விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, அதில் ஷோ, அப்புறம் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ். விண்டோஸ் 10-இல் வியூ பகுதியிலேயே அந்தப் பெட்டி இருக்கும். ஒருமுறை டிக் செய்தால் எல்லா ஃபோல்டருக்கும் பொருந்தும். புதுக் கணினியில் முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷனை மாற்றி எழுதினால் கோப்பின் வகையே மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; பிஎன்ஜி படத்துக்கு ஜேபிஜி என்று பெயர் வைத்தாலும் உள்ளே இருப்பது பிஎன்ஜிதான்.