கழுத்தில் ஒரு சின்னக் கட்டி

தேவையில்லாத நோய் கண்டறிதல் பற்றியும், தவறு நடந்தால் நோயாளியிடம் சொல்வது பற்றியும் வந்த கேள்விகளுக்கு, அறுவை சிகிச்சையிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவனாக என் பதில்கள்.

கேள்வி: மாஸ்டர் செக்கப்பில் தைராய்டில் 6 மி.மீ. கட்டி என்றார்கள். சீக்கிரம் தெரிந்தது நல்லதுதானே டாக்டர்?

பதில்: எப்போதும் அப்படி இல்லை. தென்கொரியாவில் 1999-இல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் கொஞ்சம் கூடக் கொடுத்தால் கழுத்தையும் ஸ்கேன் பண்ணித் தருகிறோம் என்றார்கள் மருத்துவமனைக்காரர்கள். 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு. இறப்போ ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நோய் நிஜமாகவே பெருகியிருந்தால் சாவு கூடியிருக்கும். சீக்கிரம் பிடித்ததால் பிழைத்திருந்தால் குறைந்திருக்கும். சும்மா கிடந்த கட்டிகளைத்தான் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

உங்கள் விஷயத்தில், ஸ்கேனில் சந்தேகக் குறியோ கழுத்தில் நெறிக்கட்டோ (நிணநீர்க் கணு வீக்கமோ) இல்லையென்றால், 1 செ.மீ.க்குள் இருக்கும் கட்டியில் பொதுவாக ஊசி குத்திப் பார்ப்பதில்லை. ரிப்போர்ட்டோடு எண்டோகிரைன் (ஹார்மோன் சுரப்பி) மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எடுத்துவிட்டால் நிம்மதிதானே?

பதில்: கொரியாவில் அறுவை செய்தவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கு, தைராய்டை ஒட்டியிருந்து கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிகளின் சுரப்பு குறைந்தது, கால்சியம் மாத்திரையோடு வாழ வேண்டும். 2 சதவீதம் பேருக்குக் குரல் நாண் செயலிழந்தது.

கேள்வி: அப்படியானால் இது யார் தவறு?

பதில்: சங்கடமே அதுதான். ஸ்கேன் சரி, பயாப்ஸி சரி, அறுவையும் சுத்தம். நோயாளி “உயிரைக் காப்பாத்திட்டீங்க” என்று ஸ்வீட் பாக்ஸோடு வருவார். நானும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். அவருக்கு அந்த அறுவை தேவைப்பட்டதா என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அதனால் உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம் ஸ்கேனுக்கு முன்புதான். அப்புறம் சொன்னால் பயம்தான் பேசும். கொரியாவில் 2014-இல் மருத்துவர்கள் 8 பேர் இந்த ஸ்கேன் வேண்டாமென்று வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். ஒரே வருடத்தில் அறுவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

கேள்வி: நான் நர்ஸ். மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்துவிட்டேன். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. சொல்லணுமா சார்?

பதில்: சொல்லுங்கம்மா. முதலில் டியூட்டி டாக்டரிடம், பிறகு அவரோடு சேர்ந்து நோயாளியிடம். வழக்கு வரும் என்று பயமுறுத்துவார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2001 முதல் பிழையை ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, இழப்பீடும் தர ஆரம்பித்தார்கள். அங்கே வழக்குகள் குறைந்தன.

கேள்வி: செக்கப்புக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டேன். போகலாமா?

பதில்: போங்கள். பிரஷரும் சர்க்கரையும் பாருங்கள். கழுத்தில் தொந்தரவு எதுவும் இல்லையென்றால் தைராய்டு ஸ்கேனை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.