2013இல் போட்ட வாக்கு

வணக்கம் அண்ணா,

2013இல் வடக்கு மாகாண சபைத் தேர்தல் நடந்தபோது நான் சின்னப் பெடியன். எங்கள் ஊரே விடிய எழும்பிப் போய் வரிசையில் நின்று வீட்டுச் சின்னத்துக்கு வாக்குப் போட்டது நல்ல ஞாபகம். ஐந்து வருடத்தில் எங்கள் ஒழுங்கைக்கு ஒன்றும் வரவில்லை. மாகாண சபைத் தேர்தலை வை என்று இப்போது மறுபடி கேட்கிறார்கள். எதற்கு?

– ஒரு வாசகர், விசுவமடு

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபம் நியாயம். ஆனால் வாக்குப் போட்டது வீண் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அன்று வீட்டுச் சின்னத்தில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, போனஸ் ஆசனம் இரண்டும் சேர்த்து, 38 ஆசனங்களில் 30ஐ வென்றது. முல்லைத்தீவில் 5இல் 4, கிளிநொச்சியில் 4இல் 3. போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பித் தகரக் கொட்டிலில் இருந்த சனம் போட்ட வாக்கு அது. வடக்குக்கென்று தனியாக ஒரு சபை தெரிவானதே அதுதான் முதல் தடவை. தேர்தல் செப்டம்பர் 21. ஐந்தே நாளில், 26ஆம் திகதி, அரச காணி அதிகாரம் மத்திக்கே என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்கு மலையகத்துத் தோட்டக் காணி பற்றியது. அடி எங்களுக்கும் விழுந்தது. அன்றைய ஆளுநரோ ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல். ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் நிதி சம்பந்தமான நியதிச்சட்டம் (மாகாண சபை ஆக்கும் சட்டம்) எதுவும் சபைக்கு வர முடியாது.

சரி, சபை செய்த பிழை? உள்வீட்டுச் சண்டை. 2017இல் இரண்டு அமைச்சர்கள் பதவி விலகினார்கள், முதலமைச்சர் விக்னேஸ்வரன் மேலேயே நம்பிக்கையில்லாத் தீர்மானம். அந்த நேரத்தில் முல்லைத்தீவுக் கேப்பாப்புலவில் சனம் இராணுவம் பிடித்து வைத்திருந்த காணிக்காக இரவு பகலாக றோட்டில் இருந்தது. இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஆனால் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனோடு ஒரு திட்டம் இருந்தது. யாழ்ப்பாணத்தின் தாகமும் பொய்யில்லை. ஆனால் சிறுபோகத்தில், அதாவது மழை குறைந்த காலத்து நெற்செய்கையில், குளத்து மட்டத்தைப் பார்த்து, எவ்வளவு வயல் விதைக்கலாம் என்று கூட்டம் வைத்துப் பங்கு பிரிக்கிற இடம் இது. கமக்காரர்கள் எதிர்த்தார்கள். மாவட்டங்களில் தெரிவான 36 பேரில் 16 பேர் யாழ்ப்பாணத்தவர்; அப்படியிருந்தும் சபை கிளிநொச்சிக் கமக்காரர் பக்கம் நின்று, மாற்று வழி கேட்டது. இன்று யாழ்ப்பாண மாவட்டக் கரையோரத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருக்கிறது. கேட்க ஒரு சபை இருந்ததால்தான் கமக்காரரின் குரல் எடுபட்டது.

2018 ஒக்டோபரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றுகிறோம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள், அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றத்தில் தோற்கடித்தார்கள், அதோடு தேர்தலும் நின்றுபோனது. கிளிநொச்சி ஆஸ்பத்திரி, மாகாணப் பள்ளிக்கூடங்கள், குளங்கள் எல்லாம் ஜனாதிபதி நியமித்த ஆளுநரின் கையில். அவரை வாக்கால் மாற்ற உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

2024 பாராளுமன்றத் தேர்தலில் வன்னியின் 6 ஆசனங்களில் 2ஐத் தேசிய மக்கள் சக்தி எடுத்தது. நாளைக்கு மாகாணத்தையும் அவர்கள் பிடிக்கலாம். சனம் விரும்பினால் வரட்டும். வாக்குக் கேட்டு உங்கள் ஒழுங்கைக்கு யார் வந்தாலும் படலையில் நிறுத்திக் கேளுங்கள்: காணி அதிகாரத்துக்குக் கொழும்போடு மல்லுக்கட்டுவீர்களா? ஆளுநர் நியதிச்சட்டத்தைத் திருப்பி அனுப்பினால் அடுத்த நாள் என்ன செய்வீர்கள்? அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.